சிம்மில் வை: பச்சைக் கறி செய்து ஆங்கிலம் படித்த நான்கு ஞாயிறுகள்

எங்கள் சித்திக்கு 58 வயது. இருபது வருடமாகத் திருச்சி உறையூரில் விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுத்தவர். ஐம்பது பேர் சாப்பாட்டுக்கும் உப்பைக் கையளவில்தான் போடுவார். அடுத்த வருடம் பிரிஸ்பேனில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறார். பேத்திக்கு ஏழு வயது. தமிழில் சொன்னால் புரிந்துகொள்வாள், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். "மேடைப் பேச்செல்லாம் வேணாம்டா. அவகூட அடுப்படியில நின்னு பேசத் தெரிஞ்சா போதும்" என்று சித்தி கேட்டார். நான் கணக்கு எழுதுகிறவன். பதினான்கு வருடமாக அலுவலகத்தில் ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதுகிறேன். சரி, சொல்லித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அப்புறம் நடந்ததை, இதே போல வீட்டில் யாருக்காவது சொல்லித்தர நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் செய்தது வீணாய்ப் போனது. டப்பாக்கள்மேல் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினேன். டர்மரிக், குமின், மஸ்டர்ட் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். சித்தி கடுகு டப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர், ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. அதோடு, பொருள்களின் பெயர் பாதிக்கு மேல் மசாலா பாக்கெட்டுகளில் பார்த்துப் பழகியதுதான். இல்லாதது வினைச்சொல். வதக்கு, வறு, பொரி, தாளி, அவி, இடி, நசுக்கு, மசி, கடை, துழாவு என்று தமிழில் கை செய்கிற ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருப்பவர், ஆங்கிலத்தில் புட், மிக்ஸ், ஃப்ரை என்ற மூன்றோடு நின்றுவிட்டார்.

அடுத்து சாம்பார் செய்முறையை ஆங்கிலத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். தாளைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பருப்பை வேகப் போட்டார். அரை மணி நேரத்தில் சாம்பார் தயார், தாள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தெரிந்த சமையலுக்குத் தாள் எதற்கு? அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. அவருக்குத் தெரியாத ஒன்றைச் செய்ய வேண்டும், அப்போதுதான் படிப்பார். ஆனால் அடியோடு அந்நியமாகவும் இருக்கக் கூடாது. கேக் என்றால் சொல்லும் புரியாது, கைக்கும் புரியாது. தாய்லாந்தின் பச்சைக் கறி இரண்டுக்கும் நடுவில் சரியாக வந்து உட்கார்ந்தது. பச்சை மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு, தேங்காய்ப்பால். எல்லாம் தெரிந்த பொருள், சேர்க்கிற விதம்தான் புதிது. பேத்திக்கு மிகவும் பிடித்ததும் அதுதான் என்று தங்கை சொன்னாள்.

தாளின் தலைப்பே முதல் பாடம் ஆகிவிட்டது. "கறின்னு போட்டிருக்கு, காய்கறியா ஆட்டுக்கறியா?" என்றார் சித்தி. ஆங்கிலத்தில் கறி என்றால் குழம்பு. அந்தச் சொல்லே நம்மிடமிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் போனது, 1747இல் லண்டனில் வந்த சமையல் புத்தகம் ஒன்றிலேயே கறி செய்யும் முறை இருக்கிறது என்றேன். தாய்லாந்துக்காரர்கள் இந்த உணவைக் கறி என்பதில்லை. அவர்களுக்கு இது கேங் கியாவ் வான். கேங் என்பது குழம்பு வகை, கியாவ் பச்சை, வான் இனிப்பு. கூகுளில் தேடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது: மஞ்சள் நிறத்தில் வைக்கும் ஒரே ஒரு வகைக்கு மட்டும் அவர்கள் கேங் கரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சொல்தான், இன்னொரு வழியாக அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சித்திக்கு இது பெரிய தெம்பு. ஆங்கிலமும் நம்மிடம் கேட்டு வாங்கியிருக்கிறது என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொருள் தேடியது தனிக் கதை. லெமன்கிராஸ் மாடித் தொட்டியிலேயே இருந்தது, எலுமிச்சைப் புல். கலாங்கல் என்பது பேரரத்தை. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்ததுதான் கிடைக்கும், ஆகவே நர்சரியில் கேட்டுப் பச்சைக் கிழங்கு வாங்கினேன். மக்ருட் லைம் இலைக்குப் பதில் நாரத்தை இலை. வாசனை அச்சாக அதே இல்லை, ஆனால் பக்கத்து வீடுதான். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அந்த இலைக்கு வேறு பெயர் இருக்கும். அது ஆப்பிரிக்க மக்களை இழிவாகச் சொல்லும் வசைச்சொல் என்பதால் இப்போது மக்ருட் என்கிறார்கள். பிரிஸ்பேனில் பழைய சொல் வாயில் வந்துவிடக் கூடாது என்று சித்தியிடம் இரண்டு முறை சொன்னேன். பேசில் இன்னும் நுணுக்கம். நம் துளசி ஹோலி பேசில், தாய்லாந்தில் அதற்கு வேறு சமையல் இருக்கிறது. இந்தக் கறிக்குப் போடும் பேசில் நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம். சப்ஜா விதை தருகிற அதே செடிதான். எல்லாவற்றையும் விட எங்களுக்கு ஆச்சரியம் தந்தது பீ எக்பிளான்ட். பட்டாணி அளவுக் கத்தரிக்காய் எங்கே கிடைக்கும் என்று நான் தேட, படத்தைப் பார்த்த சித்தி "இது சுண்டைக்காய்டா" என்றார். அதேதான். உழவர் சந்தையில் ஒரு கூறு வாங்கினோம்.

பாடம் நடத்த மூன்று விதி வைத்தேன். ஒரு வரிக்கு ஒரு கட்டளை, வினைச்சொல் மட்டும் சிவப்பு மையில். சித்தி சத்தமாகப் படிக்க வேண்டும், உடனே செய்ய வேண்டும். அகராதி, செய்த பிறகுதான். இதில் என் கண்டுபிடிப்பு என்று ஒன்றும் இல்லை. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர், கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்து காட்டி மொழி கற்கும் முறையை 1960களிலேயே வகுத்தார். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கத்தியிலும் கரண்டியிலும் உணர்விகள் பொருத்தி, அடுப்படியே பிரெஞ்சில் பேசிச் சமைக்கச் சொல்லித் தரும் ஏற்பாடு செய்தார்கள். எங்கள் அடுப்படியில் அந்த வேலையை நான் செய்தேன்.

முதல் ஞாயிறு. தாளில் பூண்டுக்கு நேராக, சிக்ஸ் க்ளோவ்ஸ் என்று இருந்தது. சித்திக்கு க்ளோவ் தெரியும், கரம் மசாலா பாக்கெட்டில் படித்திருக்கிறார். நான் மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் ஆறு கிராம்பை எடுத்து, பூண்டோடு சேர்த்து உரலில் போட்டு இடித்துவிட்டார். வாசனையில்தான் எனக்குத் தெரிந்தது, வீடு முழுக்கப் பிரியாணி. அந்த விழுதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். பூண்டுப் பல்லுக்கும் கிராம்புக்கும் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஆனால் அவை இரண்டு வேறு சொற்கள். கிராம்பின் பெயர் ஆணி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பூண்டின் பெயர் பிளப்பது என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கிலச் சொல்லுக்கு உறவு. சித்தி ஒரு கிராம்பை விரல் நடுவே பிடித்துப் பார்த்தார். தலையும் தண்டுமாக ஆணியேதான். இன்னொரு கையில் பூண்டைப் பிளந்து ஒரு பல்லை எடுத்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லில் தடுமாறவே இல்லை.

அடுத்த வரி, புரூஸ் த லெமன்கிராஸ். உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. புரூஸ் என்றால் அடிபட்டுக் கன்றிப்போவது என்று மட்டும் தெரியும். விதியை மீறாமல், என்னவாக இருக்கும் என்று சித்தியிடமே கேட்டேன். புல் தண்டைப் பலகையில் வைத்தார், கத்தியின் முதுகால் இரண்டு தட்டு தட்டினார். தண்டு உடையவில்லை, தோல் கிழியவில்லை, உள்ளே நார் மட்டும் நசுங்கி எலுமிச்சை வாசனை குப்பென்று வந்தது. "மேல ஒண்ணும் தெரியாது, உள்ளதான் கன்னியிருக்கும். அதானே?" என்றார். முந்தின வாரம் கதவில் இடித்துக்கொண்ட முழங்கையைத் திருப்பிக் காட்டினார், அங்கே நீலம் பாய்ந்திருந்தது. எந்த அகராதியும் இவ்வளவு சரியாக விளக்கியிருக்காது. ரசத்துக்கு இஞ்சியைத் தட்டிப் போடுகிற கைக்கு அந்தச் சொல்லின் பொருள் முன்பே தெரிந்திருக்கிறது.

கொத்தமல்லி ரூட் என்று வந்தபோது, குப்பைக்குப் போக வேண்டிய வேரைக் கழுவிச் சுரண்டி விழுதில் போட்டோம். தாய்லாந்துச் சமையலில் அந்த வேருக்குத்தான் மதிப்பு. இறால் விழுது கிடைக்காததால் கூனியை வறுத்து இடித்தோம்.

அன்று கறி சரியாக வரவில்லை. காரணம் ஒரே ஒரு சொல்: க்ராக் த கோகனட் க்ரீம். க்ராக் என்றால் உடைப்பது என்று எடுத்துக்கொண்டு, டின்னிலிருந்த கெட்டிப் பாலைக் கரண்டியால் உடைத்து உடைத்துக் கலக்கினோம். பால் கொதித்தது, அவ்வளவுதான். விழுதைப் போட்டதும் பாலில் வெந்ததே தவிர வதங்கவில்லை. பச்சை மிளகாயின் நெடி கடைசி வரை நின்றது. இரவு உட்கார்ந்து படித்த பிறகே புரிந்தது. தேங்காய்ப்பால் என்பது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கும் கலவை. கெட்டிப் பாலைக் காய்ச்சத் தண்ணீர் வற்றி, அந்தக் கலவை முறிந்து எண்ணெய் தனியே மேலே வரும். அப்படி முறிய வைப்பதற்குத்தான் க்ராக். பிறகு அந்த எண்ணெயிலேயே விழுதை வதக்க வேண்டும். நாங்கள் வாங்கிய டின்னில் ஸ்டெபிலைசர், எமல்சிஃபையர் என்று இரண்டு பெயர் பொடி எழுத்தில் இருந்தன. பிரியாமல் பிடித்து வைப்பதே அவற்றின் வேலை, பிறகு எப்படிப் பிரியும்? சித்திக்கு அந்த இரண்டு சொல்லையும் எழுதிக் கொடுத்தேன். கடையில் டின்னைத் திருப்பிப் படிக்க உதவும்.

இரண்டாம் ஞாயிறு டின் வேண்டாம் என்று முடிவு செய்து இரண்டு தேங்காய் துருவினோம். முதல் பால் ஒன்றரைக் கப், இரண்டாம் பால் இரண்டு கப். முதல் பாலை வாணலியில் ஊற்றிக் காய்ச்சினோம். பதினைந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஓரத்தில் பால் திரிதிரியாகி, நடுவில் சின்னச் சின்னக் கண்ணாடி வட்டங்களாக எண்ணெய் மிதந்தது. சத்தமும் மாறியது. அதுவரை தளதளவென்று இருந்தது, இப்போது சடசடவென்று பொரிகிற சத்தம். "இட் இஸ் க்ராக்கிங்!" என்று சித்தி தானாகவே சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. தாளில் இல்லாத வடிவத்தில் அவர் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம் அது.

விழுதைப் போட்டார். அடுத்த வரி, ஃப்ரை அன்டில் ஃபிராக்ரன்ட். ஃபிராக்ரன்ட் என்றால் மணம் வீசுகிற என்றேன். சித்தி கிளறிக்கொண்டே யோசித்தார். "நாம பச்சை வாசனை போற வரைக்கும்னு சொல்லுவோம். இவங்க நல்ல வாசனை வர்ற வரைக்கும்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். பதினான்கு வருட ஆங்கிலத்தில் எனக்கு இது தோன்றியதில்லை. ஒரே நொடியை நாம் போகிற பக்கத்திலிருந்தும் அவர்கள் வருகிற பக்கத்திலிருந்தும் பார்க்கிறோம். இப்படி ஒன்று கிடைத்தால் அந்தச் சொல் மறக்காது. எண்ணெய் பச்சை நிறத்தில் கசிந்து விழுதைச் சுற்றி நின்றபோது அடுப்படிக்குள் நாரத்தை வாசனையும் பேரரத்தையின் காட்டமும் ஒன்றாக எழுந்தன. அதுதான் ஃபிராக்ரன்ட்.

ஆனால் ஃப்ரை என்ற சொல்மேல் அவருக்குக் கோபமே வந்தது. "வறுக்கறதும் ஃப்ரை, பொரிக்கறதும் ஃப்ரை, வதக்கறதும் ஃப்ரையா?" அவர் கேட்டது நியாயம். ஆங்கிலத்தில் அடைமொழி சேர்த்துத்தான் பிரிப்பார்கள். எண்ணெயில் மூழ்கப் பொரிப்பது டீப் ஃப்ரை. பெரிய தீயில் புரட்டி எடுப்பது ஸ்டர் ஃப்ரை. எண்ணெய் இல்லாமல் மல்லியும் சீரகமும் வறுப்பது டோஸ்ட். வெங்காயம் வதக்குவது சாட்டே, அது பிரெஞ்சிலிருந்து வந்தது. தாளிப்புக்கு டெம்பர். நேர்மாறாக, கொதிப்பதில் அவர்கள் நுணுக்கம். நாம் கொதி என்று சொல்லி தீயைக் குறை, கூட்டு என்போம். அவர்களுக்கு பாயில் வேறு, சிம்மர் வேறு.

சிம்மரை எப்படி விளக்குவது என்று தயாரித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. சித்தி அடுப்புத் திருகைப் பார்த்தார். அதில் எழுதியிருக்கும் மூன்று ஆங்கில எழுத்தை விரலால் தொட்டு, "சிம்னா இதுவா?" என்றார். சிம்மில் வை, சிம்மில் வை என்று முப்பது வருடமாக ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். அது சிம்மர் என்பதன் முதல் பாதி என்று இருவருக்குமே தெரியாது. இரண்டாம் பாலை ஊற்றினோம், நானூறு கிராம் கோழியும் சுண்டைக்காயும் போட்டோம், சிம்மரில் வைத்தோம். விளிம்பில் மட்டும் சின்னக் குமிழி எழும்பி உடைகிற கொதி. கோழி பஞ்சாக வெந்தது. சுண்டைக்காயின் லேசான கசப்பு தேங்காய்ப்பாலின் இனிப்புக்கு நடுவே வந்து போனது. மீன் சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, கருப்பட்டி ஒரு துண்டு. சீசன் டு டேஸ்ட் என்பதைப் பருவம் என்று எடுத்துக்கொள்ளாமல், உப்பு காரம் பார் என்று சித்தி தானாகவே ஊகித்தார். தாளில் அந்த வரி வந்த இடமே அதைச் சொல்லிவிட்டது.

அந்த இரண்டு வாரத்தில் சிவப்பு மைச் சொற்கள் முப்பத்திரண்டு. வாரக் கடைசியில் தாள் இல்லாமல் கேட்டபோது இருபத்தேழு வந்தன. வராத ஐந்தில் நான்கு, நான் அவசரப்பட்டு வாயால் விளக்கியவை. கை வைக்காத சொல் நிற்கவில்லை. இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்: சொல்லித் தருகிறவர் வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழக வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு இடம் மாறினோம். நான் அடுப்பில் நின்றேன், சித்தி நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் உத்தரவு போட வேண்டும். கேட்டுச் செய்வது வேறு, வாயைத் திறந்து சொல்வது வேறு. முதல் கால் மணி நேரம் கையை ஆட்டித்தான் சொன்னார். நான் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாணலியில் விழுது அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் அசையவில்லை. "ஸ்டர்! ஸ்டர்! லோ த ஃபயர்!" என்று எழுந்தே விட்டார். லோ இல்லை, லோயர் த ஹீட் என்பது அப்புறம் திருத்திக்கொள்ளலாம். சமையல் கெடப் போகிறது என்ற பதைப்பு இருக்கும்போது கூச்சம் எங்கே போகும் என்று தெரியவில்லை, போய்விடுகிறது. அதற்குப் பிறகு டேர் த லீவ்ஸ், டேஸ்ட் இட், மோர் சால்ட் எல்லாம் தடையில்லாமல் வந்தன. இலையைக் கிழிக்கிற டேரும் கண்ணீருக்கு உரிய டியரும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு என்பதை அன்று தனியாகப் பழகினோம்.

நான்காம் ஞாயிறு காலை பத்தரைக்கு வீடியோ அழைப்பு. பிரிஸ்பேனில் மதியம் மூன்று மணி. அங்கே தங்கையின் அடுப்பிலும் பச்சைக் கறி. ஒரு ஸ்டூல்மேல் பேத்தி ஏறி நிற்கிறாள், கையில் மரக்கரண்டி. இங்கே மைதா டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் சித்தி. நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை பேசுகிற வேகத்தில் பாதி சித்திக்குப் பிடிபடவில்லை, "ஸ்லோ, கண்ணு, ஸ்லோ" என்றார். அவள் கொஞ்சம் நிதானித்தாள். புரூஸ் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. சித்தி எலுமிச்சைப் புல்லைத் தட்டிக் காட்டி, முழங்கையைத் தொட்டுக் காட்டி விளக்கினார்.

விழுது வாணலியில் விழுந்த சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. எப்போது ஆகும் என்று எப்படித் தெரியும் பாட்டி என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தாளில் இருந்த ஃபிராக்ரன்டை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ரா ஸ்மெல் கோஸ். தென் குட் ஸ்மெல் கம்ஸ்" என்றார் சித்தி.

குழந்தை குனிந்து வாணலிக்கு மேல் மூக்கை நீட்டினாள். ஆவியில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ரா ஸ்மெல் ஸ்டில் தேர், பாட்டி."

"தென் ஸ்டர்" என்றார் சித்தி. "டோன்ட் ஸ்டாப்."